கடைசி வாடகைக்காரர்

எங்கள் பிளாக்கில் அவருக்குப் பெயரே 'வாடகை'தான்.

அரசாங்கம் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் இவை. நான் பிறப்பதற்கு முன்பே, குடியிருப்பவர்களே வாங்கிக்கொள்ளலாம் என்று மலிவாக விற்றார்கள். அத்தனை பேரும் வாங்கினார்கள். அவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கோபத்தில் அவர் மகன் தனியாகப் போனவன்தான், இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

கஞ்சன், சோம்பேறி, மண்டைக்கனம் பிடித்தவர். ஆளுக்கொன்று சொல்வார்கள்.

நேற்று லிஃப்ட் நின்றுவிட்டது. எங்கள் வீடு ஐந்தாவது மாடி. அண்ணிக்கு நிறைமாசம். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவள் படியேற முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாதான் குடியிருப்போர் சங்கத் தலைவர். கீழே வாசலில் எல்லாரையும் கூட்டினார்.

"லிஃப்ட் விஷயம் வீட்டுச் சொந்தக்காரங்க பேசற விஷயம்," என்றார், வாடகையைப் பார்த்து. "உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"சும்மா காத்து வாங்கறேன் தலைவரே."

"அதையாவது வாங்கறீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான்.

எல்லாரும் கேட்கட்டும் என்று அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார். "வீட்டு வசதி ஆபீஸா? சங்கத் தலைவர் பேசறேன். லிஃப்ட் ஓடலை. உடனே ஆள் வரணும்!"

"நீங்க வீட்டை வாங்கினவரா சார்?" என்றது ஒரு பெண் குரல்.

"பின்னே?" அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப உங்களுக்காக வர முடியாது. பக்கத்து பிளாக்ல கடைசி வீடும் வித்ததும் நாங்க போறதையே நிறுத்திட்டோம், தெரியாதா?"

தெரியும். அந்த லிஃப்டுக்குள் இப்போது உடைந்த சைக்கிள்கள்தான் கிடக்கின்றன.

"இத்தனை வருஷமா இங்க மட்டும் வந்தீங்களே?"

"உங்க பிளாக்ல ஒருத்தர் இன்னும் வாடகைக்கு இருக்காரே, அவருக்காக. எப்பவும் அவர்தான் போன் பண்ணுவார். அவர் இருக்கிறவரைக்கும் நாங்க வந்தே ஆகணும். அவரையும் வாங்கிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். 'நானும் வாங்கிட்டா லிஃப்டை யாரும்மா பார்ப்பா'ன்னு சிரிச்சிட்டுப் போயிடுவார். அவர்கிட்ட குடுங்க."

அப்பா இரண்டு கையாலும் போனை நீட்டினார்.

"அண்ணே..."

அப்பா அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"நான்தாம்மா," என்றார் அவர் போனில். "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு படியில உட்கார்ந்திருக்கு. சீக்கிரம் அனுப்பு."

ஆள் வந்தது. லிஃப்ட் ஓடியது. அண்ணி மேலே போனாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன் மாமா, இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னா உங்கப்பா என்னைத் திட்டறதை நிறுத்திடுவாரே. எனக்குப் பொழுது போகவேணாமா?"

சிரித்தபடியே வீட்டுக்குக் கிளம்பினார். லிஃப்டில் ஏறவில்லை. ஒரு நாளும் ஏறியதில்லை.

அவர் வீடு தரைத்தளம்.