ரெஜினா கண் திறக்கும் வரை

தட்டு அவளுக்கு மட்டும் முதலில் வந்துவிட்டது.

சைவம் என்று டிக்கெட் எடுக்கும்போதே அப்பா சொல்லிவைத்திருந்தார். விமானத்தில் சைவக்காரர்களுக்குத்தான் முதல் பந்தி என்பது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

பணிப்பெண் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள்.

வலப்பக்கம் பேச்சியம்மாள். இடப்பக்கம், ஜன்னலோரம், ரெஜினா. இருவர் முன்னாலும் வெறும் பலகை.

அவள் அலுமினிய மூடியைத் தொடவில்லை.

"சாப்புடுட்டி. ஆறிப்போயிரும்," என்றாள் பேச்சி.

அவள் சாப்பிட மாட்டாள் என்று பேச்சிக்குத் தெரியும். சொல்லவேண்டியதைச் சொல்லிவைத்தாள், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டை விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே இப்படித்தான். மூன்று தட்டும் மேஜைக்கு வந்தாக வேண்டும். வந்த பிறகும் கை வைக்க முடியாது. ரெஜினா கண்ணை மூடி ஜெபம் சொல்லி முடிக்க வேண்டும். பேச்சியோ பசி பொறுக்காத ஆள். சோற்றில் குழி பறித்து, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, கவளத்தை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ரெஜினாவின் இமையையே பார்த்திருப்பாள். இமை அசைந்ததோ இல்லையோ, கவளம் உள்ளே போயிருக்கும்.

யாரும் போட்ட சட்டம் இல்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்ற இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் கட்டிலுக்கே வந்துவிடுவார்கள்.

அவள் தனியாகச் சாப்பிட்டதே கிடையாது. வீட்டில் பெரிய குடும்பம். விடுதியில் இவர்கள்.

தோஹா வரைக்கும்தான் மூவரும். அங்கிருந்து அவர்கள் இருவரும் டப்ளின். அவள் மட்டும் ஆஸ்லோ. டப்ளினுக்கு மூவரும்தான் விண்ணப்பித்தார்கள். இரண்டு பேருக்குத்தான் இடம் கிடைத்தது.

படிப்பு எப்படியும் வந்துவிடும். குளிரும் பழகிவிடும். சாப்பாட்டு வேளையை நினைத்தால்தான் அவளுக்குப் பயம். இதைப் போய் யாரிடம் சொல்வது? சிரிப்பார்கள்.

பணிப்பெண் திரும்பி வந்து, சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டாள்.

அவள் தலையாட்டினாள். நம் ஊர்த் தலையாட்டல். ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று புரியாமல், பணிப்பெண் ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் கூடவே வைத்துவிட்டுப் போனாள்.

பேச்சி அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, தட்டுக்குக் காவல் இருக்கிறாளாம், அதற்குக் கூலியாம்.

ஒருவழியாக வண்டி அவர்கள் வரிசைக்கு வந்தது. இரண்டு கோழிக்குழம்பு.

மூன்று தட்டு.

ரெஜினா கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. இன்றைக்குக் கொஞ்சம் நீளம். பேச்சி வழக்கம்போல இமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கை மடியிலேயே கிடந்தது.

ரெஜினா கண் திறந்ததும், இத்தனை வருஷம் கேட்காததைப் பேச்சி கேட்டாள்.

"அப்பிடி என்னத்தட்டி சொல்லுத?"

"சோத்துக்கு ஸ்தோத்திரம். பொறவு ஒங்க ரெண்டு பேரு பேரு. அம்புட்டுதான்," என்றாள் ரெஜினா.

பேச்சி எலும்பு கடிக்கிற பாவனையில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தக் குழம்பில் எலும்பே கிடையாது.

முதலில் வந்த அவளுடைய சோறு ஆறி விறைத்திருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

*

தோஹாவில் டப்ளின்காரர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

பேச்சி அவள் பையை வாங்கி அவள் தோளில் மாட்டிவிட்டாள். ரெஜினா கிட்டே வந்து அவள் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

வரிசை நகர்ந்தது. பேச்சியின் எண்ணெய் தேய்த்த பின்னல் கடைசியாக ஒருமுறை தெரிந்தது.

பாஸ்போர்ட்டை எடுக்க அவள் தன் பையைத் திறந்தபோது, பிஸ்கட் பாக்கெட் உள்ளே இருந்தது.

*

ஆஸ்லோ விமானத்திலும் தட்டு அவளுக்குத்தான் முதலில் வந்தது.

மூடியைத் தொடவில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் ஏறக்குறைய அவள் வயதில் ஒரு பெண். செம்பட்டை முடி, மூக்கு நிறையப் புள்ளிகள். அந்தப் பெண் மூடிய தட்டை ஒருமுறை பார்த்தாள். அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி வந்தது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு தட்டு. சுற்றிலும் மூடிகளைப் பிரிக்கும் சத்தம்.

அவள் கண்ணை மூடினாள்.

ஜெபம் தெரியாது. அவள் வீட்டில் சாமி கும்பிடுவது திருநீறு பூசுவதோடு சரி. ரெஜினாவின் ஜெபம் எவ்வளவு நேரம் போகும் என்பது மட்டும் மனசுக்குத் தெரியும். அந்த நேரம் முழுக்க, தெரிந்த இரண்டு பெயர்களையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பேச்சி. ரெஜினா.

பேச்சி. ரெஜினா.

கண்ணைத் திறந்தபோது தட்டு கலங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பக்கத்துப் பெண் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. பிட்ட ரொட்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, அவள் இமையையே பார்த்திருந்தாள்.

இங்கிலீஷில் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாயில் வந்தது இதுதான்.

"சாப்புடுட்டி. ஆறிப்போயிரும்."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் மூடியைப் பிரித்தாள்.