சாம்பிராணி

புது மின்னஞ்சல் மென்பொருளை நிறுவும் முன், ஊழியர்கள் எல்லோருடைய கணக்கும் இருக்கும் டைரக்டரியைத் தயார்ப்படுத்தியாக வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் நாளை ஒருவராலும் கம்ப்யூட்டரைத் திறக்க முடியாது. வேம்பரசி எண்டரைத் தட்டினாள்.

பாதி முடிந்தபோது சர்வர் அறைக்குள் தூபக்காலோடு வந்தார் மேலாளர் சதாசிவம்.

“சார், வேணாம் சார்! புகை பட்டா மேல இருக்கிற அலாரம் கரண்டை கட் பண்ணிடும்!”

“நல்ல காரியம் நடக்கிறப்ப அபசகுனமா பேசாதம்மா.” இன்னும் ஒரு கை சாம்பிராணி தூவினார்.

வேம்பரசி நாற்காலிமேல் ஏறி, துப்பட்டாவைச் சுருட்டி அலாரத்தைப் பொத்தினாள். அங்கிருந்து திரை தெரியவில்லை.

“முடிஞ்சிடுச்சான்னு பாருங்க சார்!”

சதாசிவம் தூபக்காலை அவள் நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு, கண்களை இறுக மூடிக் கும்பிட்டார்.