தீர்த்தம் படாத அலமாரி

"இந்த அலமாரி இங்க இருக்கக் கூடாது, ஸ்மராந்தா."

பாதிரியார் இலாரியோன் கையிலிருந்த பச்சிலைக் கொத்து அந்தரத்தில் நின்றது. மருந்துக் கடை முழுக்கத் தீர்த்தம் தெளித்துவிட்டார். கருத்தடை மாத்திரையும் ஆணுறையும் அடுக்கிய கண்ணாடி அலமாரி மட்டும்தான் பாக்கி.

திறப்பு விழாவுக்கு வந்த ஊர்ஜனம் வாசலில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஆர்த்தடாக்ஸ் சபை வழக்கப்படி அவரும் குடும்பஸ்தர்தான்; ஆனாலும் அவர் ஆசீர்வதிக்காத கடையில் அந்த ருமேனிய மலையூரில் ஒரு ஈ காக்கை நுழையாது. போன வருடம் வந்த முடிதிருத்தகம் அப்படித்தான் மூட்டை கட்டியது. ஸ்மராந்தாவோ தலைநகர் புகாரெஸ்ட் வேலையை உதறிவிட்டு, இருந்ததையெல்லாம் இந்தக் கடையில் போட்டிருந்தாள்.

"ஏன் ஃபாதர் இருக்கக் கூடாது?" அவள் குரலில் நடுக்கம் இல்லை.

"தெருவுல போறவங்க கண்ணுல நேரா படுது."

"படட்டும்னுதான் வெச்சேன். இந்த ஊர்ப் பொம்பளைங்க இதுக்காக பஸ் பிடிச்சு டவுனுக்குப் போறாங்க. அங்கயும் 'என் தங்கச்சிக்கு'ன்னு பொய் சொல்லி வாங்குறாங்க. பற்பசை வாங்க யாராவது வெக்கப்படுறோமா?"

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பால்காரி வெரோனிக்கா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்த மூலைக்கு மாத்திடு. எடை மிஷினுக்குப் பின்னால."

"மாட்டேன் ஃபாதர். ஒளிச்சு வெச்சா என்னமோ திருட்டுச் சாமான் மாதிரி ஆயிடும்."

"பிடிவாதம் பிடிக்காதே."

"நீங்க தெளிக்காமப் போனாலும் சரி. கடை காத்து வாங்கினாலும் அலமாரி இங்கதான் நிக்கும்."

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உத்தேசம் அவளுக்குத் துளியும் இல்லை. விருந்தினருக்காக ஊற்றி வைத்திருந்த பிளம் சாராயத்தை ஒருவரும் தொடவில்லை.

பாதிரியார் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். போய்க் கதவைச் சாத்தினார்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று வெளியே ஒருவர் சொன்னது உள்ளே நன்றாகவே கேட்டது. ஸ்மராந்தா கைகளைக் கட்டிக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றாள். திட்டினால் திருப்பிக் கொடுக்கப் பதிலும் தயாராக இருந்தது.

அவர் கிட்டே வந்து, தாடிக்குள்ளேயே முணுமுணுத்தார்.

"நீ நெனைக்கிற மாதிரி இல்லம்மா. பொம்பளைங்க தைரியசாலிங்க, நாளைக்கே வந்து நிப்பாங்க. கஷ்டம் எனக்குத்தான். டவுனுக்குப் போனாலும் இந்த அங்கி காட்டிக் குடுத்துடுது. இங்கயும் ஊரே பார்க்க நடுவுல வெச்சுட்டா நான் எப்படி வாங்குவேன்? எங்க ஆறாவது குழந்தைக்குப் போன மாசம்தான் ஞானஸ்நானம் குடுத்தேன். 'இன்னிக்கு வாங்காம வீட்டுப் படி ஏறாதீங்க'ன்னுட்டா என் பொண்டாட்டி."