சட்டைப் பையில் அரசாங்கம்

"ஒரு மதியம் முழுக்க அரசாங்கத்தையே என் சட்டைப் பையில வச்சிருந்தேன்," என்றார் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்.

சுகாதாரத் துறையில் இருக்கும் மைத்துனன் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தான். "அத்தான், புளுகுக்கும் ஒரு அளவு வேணும்."

"கேளுடா. நம்ம பொண்ணு ரோடு போடுற வேலையில வெயில் தாங்காம சுருண்டு விழுந்தா. மதிய வேலையை நிறுத்தலாமான்னு உங்க ஆளுங்க ஏசி ரூம்ல மாசக்கணக்கா பேசிக்கிட்டிருந்தாங்க. அங்க வயரிங் வேலைக்குப் போனப்போ ஏசி ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டேன். யாரோ ஒரு அதிகாரி மயங்கி விழுந்ததுல கட்டடமே குலுங்கிச்சு. மதிய வேலைக்குத் தடைன்னு சாயங்காலமே உத்தரவு வந்துடுச்சு."

"கட்டடமெல்லாம் குலுங்கல. நாற்காலிதான் சாஞ்சுது."

அக்கா திரும்பினாள். "அது உனக்கெப்படிடா தெரியும்?"

அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"எல்லாம் நடந்ததுதான்க்கா. விழுந்தவனே நான்தான்."