கை எட்டாத இடம்

"கருத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று கேட்டார் டாக்டர். கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளின் இடது கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது.

"அதெல்லாம் எங்க வீட்டுல கிடையாது" என்றான் லீவில் ஊருக்கு வந்திருந்த கணவன்.

"மூணும் பொண்ணு டாக்டர். ஒரு பேரனைப் பார்த்துட்டா நிம்மதியா கண்ணை மூடிடுவேன்" என்றாள் மாமியார்.

நர்ஸ் கட்டிலில் கிடந்தவளைப் புரட்டினாள். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, தீப்பெட்டி அகலத்துக்கு ஏதோ ஒட்டியிருந்தது.

"இது கருத்தடை பேட்ச், மாத்திரைக்குப் பதிலா தோல்ல ஒட்டுறது. இதனால கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டர். "கால் வீங்கினதுமே பேட்சை எடுத்துட்டு இங்க ஓடி வந்திருக்கணும். ஐ.சி.யூ.வுக்குத் தள்ளுங்க!"

கணவன் பல்லைக் கடித்தான். "முதுகுவலி பிளாஸ்திரின்னு சொன்னாளே! திருட்டுத்தனமா ஒட்டிக்கிட்டாளா?"

"அவ கை அங்க எட்டாதுடா" என்றாள் மாமியார். "வாராவாரம் நான்தான் ஒட்டிவிட்டேன். போன பிரசவத்துலயே செத்துப் பிழைச்சவ. இன்னொன்னு தாங்கமாட்டான்னு சொன்னப்ப நீ காதுலயே போட்டுக்கலை."

கட்டில் கதவைத் தாண்டிப் போனது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு நாள் முன்னாடியே, கால் வீங்குது, கழட்டிடுங்க அத்தைன்னு கெஞ்சினா. உன் லீவு முடியட்டும்னு நான்தான் சொன்னேன்."