ஆறு மாதக் கணக்கு

"ஒண்ணே ஒண்ணு தெரியணும் மேடம். எனக்கு விவாகரத்து ஆயிடுச்சா, இல்லையா?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ரோண்டா பச்சேக்கோ நிமிர்ந்தாள். ஃப்ரெஸ்னோ குடும்ப நீதிமன்றத்தின் தகவல் ஜன்னலில் உட்கார்ந்து உட்கார்ந்தே தலை நரைத்தவள். எதிரே நின்றவனுக்கு முப்பது வயது இருக்கும். சவரம் செய்யாத முகம். சட்டைக் கையில் பாதாம் தோட்டத்து இயந்திரங்களின் எண்ணெய்க் கறை.

"அதுகூடத் தெரியாமலா இருக்கே கண்ணா? பேரு சொல்லு."

"வெஸ்லி டட்டில். மனைவி பேரு கோரின்."

ரோண்டா கணினியைத் தட்டினாள். "கோரின்தான் மனு போட்டிருக்கா. உனக்கு மார்ச்சுல நகல் வந்து சேர்ந்திருக்கு."

"வாங்கிக்கிட்டேன். தகராறு எதுவும் பண்ணலை. போன வாரத்தோட ஆறு மாசம் முடிஞ்சிடுச்சு. முடிஞ்சதும் தானாவே விவாகரத்து ஆயிடும்னு அக்கா புருஷன் சொன்னார்."

"இந்த அக்கா புருஷன் கலிபோர்னியா முழுக்க இருக்கார் போல. தினமும் யாராவது ஒருத்தர் இவர் சொன்னார்னுதான் வந்து நிக்கிறாங்க."

வரிசையில் வெஸ்லிக்குப் பின்னால் நின்ற யோலாண்டா என்ற பெண் எட்டிப் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க! அதை நம்பி அடுத்த கல்யாணத்துக்குக் கவுன்கூடத் தைக்கக் கொடுத்துட்டேன்."

"தையல்காரரை மெதுவாத் தைக்கச் சொல்லும்மா" என்ற ரோண்டா, வெஸ்லியிடம் திரும்பினாள். "ஆறு மாசம்ங்கிறது குறைஞ்சபட்சக் காத்திருப்பு. அதுக்கு முன்னாடி ஆகாது. அதுக்கப்புறமும் தானா ஆகாது. கடைசித் தீர்ப்புக்கான தாள்களை யாராவது கொண்டுவந்து கொடுக்கணும். நீதிபதி கையெழுத்துப் போடணும். உங்க வழக்குல ஒரு தாளும் வரலை."

"அப்படின்னா?"

"அப்படின்னா நீ இன்னும் கோரினோட புருஷன்தான்."

இந்த இடத்தில் ஆண்கள் கத்துவார்கள். சிலர் ஜன்னல் விளிம்பைக் குத்துவார்கள். ரோண்டா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வெஸ்லி கண்களை மூடித் திறந்தான்.

"நல்லவேளை" என்றான்.

ரோண்டாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பிடியை விடாத இந்த ரகத்தையும் அவளுக்குத் தெரியும். கத்துகிறவர்களே தேவலாம்.

"இங்க பாரு, சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தகவல் சொல்லலாம், சொல்றேன். இந்த மாநிலத்துல பிரியறதுக்கு யார் மேலயும் குத்தம் நிரூபிக்க வேண்டாம். குடிச்சான், அடிச்சான், வேற தொடுப்பு இருக்கு, எதுவும் வேண்டாம். இனி ஒத்துப்போகாதுன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். எனக்கு ஒத்துப்போகுதேன்னு இன்னொருத்தர் அழுதாலும் வழக்கு நிக்காது."

"தெரியும் மேடம். நாங்க பேசித்தான் முடிவு பண்ணினோம். சண்டைகூட இல்லை. சாப்பிடறப்போ பேச்சு குறைஞ்சுது. அப்புறம் நின்னு போச்சு. அவ்வளவுதான்."

"அப்புறம் என்ன நல்லவேளை?"

அவன் சட்டைக் கையின் எண்ணெய்க் கறையைத் தேய்த்தான்.

"கோரின் நாளைக்கே வந்து அந்தத் தாள்களைக் கொடுக்கலாம், தெரியுமில்ல?"

"கொடுக்க மாட்டா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. மனசு மாறிடுவா, திரும்பி வந்துடுவான்னு."

"வர மாட்டா. அதுவும் தெரியும்."

யோலாண்டாவால் சும்மா இருக்க முடியவில்லை. "விட்டுடுங்க தம்பி. போறவளைப் பிடிச்சு வெச்சு என்ன பண்ணப் போறீங்க? நான் விட்டுட்டு வந்த புருஷனும் இப்படித்தான், நான் வேலை செய்யற கடை வாசல்ல பூங்கொத்தோட வந்து நிக்கிறான். பூவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருது."

"நான் யார் வாசல்லயும் நிக்கலைங்க" என்றான் வெஸ்லி. குரல் உயரவில்லை. ரோண்டாவிடம் திரும்பினான். "இன்னும் தீர்ப்பு ஆகலைன்னு எழுதிக் கொடுப்பீங்களா மேடம்? முத்திரையோட வேணும்."

"எதுக்கு? பிரேம் போட்டு மாட்டவா?"

"ஒரு இடத்துல காட்டணும். நேத்து அங்க போனேன். கோரினுக்கு நீங்க யாருன்னு கேட்டாங்க. ஆறு மாசம்தான் முடிஞ்சிடுச்சேன்னு, முன்னாள் கணவன்னு சொல்லிட்டேன். அப்போ உங்களுக்கு இங்க ஒரு உரிமையும் இல்லைன்னு வெளியே அனுப்பிட்டாங்க."

"சரியாத்தான் அனுப்பியிருக்காங்க" என்று யோலாண்டா முணுமுணுத்தாள்.

ரோண்டா தட்டச்சு செய்தாள். நீதிமன்றப் பதிவில் உள்ளதை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. கேட்பவனைப் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். அச்சாகி வந்த தாளில் முத்திரையை அழுத்தினாள். தடுப்பின் அடியில் இருந்த இடைவெளி வழியாகத் தள்ளினாள். ஆனால் ஒரு முனையை விடவில்லை.

"கண்ணா, உன் அம்மா வயசு எனக்கு. இந்தத் தாளை வெச்சுக்கிட்டு அவளை எங்க போய்ப் பிடிக்கப் போறேன்னு எனக்குத் தெரியாது. வங்கியோ, அவ புதுசாக் குடியிருக்கிற வீட்டுக்காரரோ, யாரா வேணா இருக்கட்டும். அந்தப் பொண்ணை நிம்மதியா விட்டுடு."

வெஸ்லி தாளின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றான்.

"பிணவறைல காட்டணும் மேடம். கோரினுக்கு வேற யாரும் இல்லை. புருஷன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கொடுப்பாங்களாம்."