சமையலறைச் சுவர்

அப்புத்தளையின் பனிமூட்டம் கழற்றிய ஜன்னல் வழியே வந்து சுண்ணாம்புத் தூசியோடு கலக்கிறது. பழைய கணக்கப்பிள்ளை பங்களாவில், கூடத்தையும் சமையலறையையும் பிரிக்கும் சுவரை இடிக்க வந்த கொத்தனார் மேசன்பாஸ் அதில் ஓட்டை போட்டிருக்கிறார். இந்தப் பக்கம், சமையலறையில், நிரஞ்சலா நிற்கிறாள். அந்தப் பக்கம், கூடத்தில், சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் அவள் கணவனின் அக்கா லீலாதேவி. தலையெல்லாம் தூசி, தட்டிவிடவில்லை.

“அப்பா இருந்தப்ப லயத்து ஆளுங்க பின்கதவத் தாண்டி வந்ததில்ல,” என்கிறாள் மேசனிடம். “இப்ப குசினியே ஹோலுக்கு வருது.”

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த நிரஞ்சலாவுக்குக் காது சுடுகிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த இருட்டுக்குள் தனியாகச் சாப்பிட்டவள் அவள். கூடத்தில் மற்றவர்கள் சிரிப்பது சுவர் வழியாகத்தான் கேட்கும். முற்றத்தில் அவள் கணவன் நிமலன், யாரும் அழைக்காத போனைக் காதில் வைத்தபடி நடக்கிறான்.

“மதினி, நாற்காலியத் தள்ளிப் போடுங்க. கல்லு ஒங்க பக்கந்தான் விழும்,” என்கிறாள் நிரஞ்சலா.

“விழட்டும். இது எங்கப்பா வீடு.”

“நீங்க பேசி முடிங்கம்மா,” என்று மேசன்பாஸ் சம்மட்டியைச் சமையலறைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போகிறார். நிரஞ்சலா முந்தானையை இடுப்பில் செருகிச் சம்மட்டியைத் தூக்குகிறாள். ஓங்கி ஒரு அடி. செங்கல்லொன்று லீலாதேவியின் பாதத்தருகே விழுந்து உடைகிறது. ஓட்டை வழியே வெளிச்சம் கரி படிந்த அடுப்பின்மேல் கொட்டுகிறது. நாற்காலி தரையில் உரசிப் பின்வாங்கும் சத்தம் கேட்கிறது. நிரஞ்சலா நிறுத்தவில்லை.